காலில் வியாதி, முதுகில் கத்தி: ஆறாம் ஜார்ஜுக்கு அரண்மனையில் நடந்த நரம்பு ஆபரேஷன்

'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள்கூட 2011 ஆஸ்கர் விழாவில் அது சிறந்த படமாகத் தேர்வானதைக் கேள்விப்பட்டிருக்கலாம். திக்கித் திக்கிப் பேசும் ஒரு ராஜா, அவருக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்திரேலியர், 1939-ல் போர் அறிவிப்பு, தடுமாறாமல் பேசி முடித்த ரேடியோ உரை. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த ராஜா அதற்குப் பிறகும் 12 வருஷம் வாழ்ந்தார். அதில் கடைசி நாலு வருஷம் பெரும்பாலும் உடம்போடு நடந்த போராட்டம்தான். 1949 மார்ச் 12-ம் தேதி லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஓர் அறையையே ஆபரேஷன் தியேட்டராக மாற்றினார்கள். முதுகெலும்பை ஒட்டி ஓடும் ஒரு நரம்பில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இத்தனைக்கும் அவருக்குப் பிரச்சினை முதுகில் இல்லை, வலது காலில்.

காலில் வியாதி என்றால் நரம்பை ஏன் வெட்ட வேண்டும்? வெட்டிய பிறகு உடம்பு சும்மா இருக்குமா? உள்ளங்கை வியர்வைக்காக இன்றைக்கும் இதே வகை ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் இருப்பதால், இது வெறும் பழங்கதை இல்லை.

யார் இந்த ஆறாம் ஜார்ஜ்?

வீட்டில் பழைய காசு சேர்த்து வைத்திருக்கும் தாத்தா இருந்தால் அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள். 1940-களின் அணா, ரூபாய் காசுகளில் கிரீடத்தோடு ஒரு பக்கவாட்டு முகம் இருக்கும். அவர்தான். இந்தியாவின் கடைசிப் பேரரசர். ஆனால் பேரரசராக ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. 1947-ல் நாம் சுதந்திரம் வாங்கியபோது அரியணையில் இருந்தவர். அடுத்த வருஷம் ஜூன் 22-ம் தேதி அந்தப் பேரரசர் பட்டத்தை முறைப்படி விட்டுக்கொடுத்தவரும் அவரே. மறைந்த ராணி இரண்டாம் எலிசபெத்தின் அப்பா என்றால் இன்னும் சுலபமாகப் புரியும்.

பிறந்தது 1895 டிசம்பர் 14. அது அவருடைய கொள்ளுத்தாத்தா ஆல்பர்ட்டின் நினைவு நாள் என்பதால் குழந்தைக்கும் ஆல்பர்ட் என்றே பெயர் வைத்தார்கள். வீட்டில் பெர்ட்டி. ராஜா வீட்டுப் பிள்ளைதான், ஆனால் உடம்பு ராஜ உடம்பு இல்லை. முட்டி தட்டும் கால்கள். அதை நிமிர்த்த மரக்கட்டை கட்டிவிட்டார்கள். இடது கைப் பழக்கம் இருந்தது, அதை வலுக்கட்டாயமாக வலது கைக்கு மாற்றினார்கள். பேச்சில் திக்கல். வயிற்றுக் கோளாறு வேறு. கடற்படையில் சேர்ந்து 1916-ல் ஜட்லாண்ட் கடல் சண்டையில் பங்கெடுத்தார். அடுத்த வருஷமே குடல் புண்ணுக்காக ஆபரேஷன் டேபிளில் படுத்தார்.

அப்பா ஐந்தாம் ஜார்ஜ் சிகரெட் பிடிப்பவர். தாத்தா ஏழாம் எட்வர்டும் அப்படித்தான், அண்ணனும் அப்படித்தான். பெர்ட்டிக்கும் அந்தப் பழக்கம் தொற்றியது, கடைசிவரை விடவில்லை. ராஜ குடும்பத்தில் கிரீடத்தைவிட ஒழுங்காகக் கைமாறியது இதுதானோ என்று தோன்றும்.

1936 டிசம்பரில் அண்ணன் எட்டாம் எட்வர்ட், காதலுக்காக முடி துறந்தார். நாற்பது வயதில், கொஞ்சமும் ஆசைப்படாத பதவி தம்பியின் தலையில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு போர். 1940 செப்டம்பரில் அரண்மனை மீதே குண்டு விழுந்தது. அப்போது அவரும் மனைவியும் உள்ளேதான் இருந்தார்கள். 1947-ல் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவில் நீண்ட சுற்றுப்பயணம். திரும்பி வரும்போது நன்றாக இளைத்திருந்தார்.

தூங்கவிடாத கால்

1948 தொடக்கத்திலேயே இரண்டு கால்களிலும் குரக்கு பிடிக்க ஆரம்பித்தது. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழாக்கள், விருந்துகள், கல்யாண வெள்ளி விழா என்று அந்த வருஷம் நிற்க நேரம் இல்லாமல் போனது. அக்டோபரில் நிலைமை மாறியது. இடது பாதம் பகல் முழுக்க மரத்துக் கிடந்தது. ராத்திரியில் வலி தூங்கவிடவில்லை. கொஞ்ச நாளில் வலி வலது காலுக்கு இடம் மாறியது.

இந்த ராத்திரி வலி ஒரு முக்கியமான அறிகுறி. காலுக்குப் போகும் தமனிகள் சுருங்கி அடைக்க ஆரம்பித்தால், முதலில் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். அடைப்பு அதிகமானால், சும்மா படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் கொஞ்சம் தேவலை. தொங்கும்போது ரத்தம் கீழே இறங்குவது சுலபம் என்பதுதான் காரணம். அந்தக் கட்டத்துக்கு அப்புறம் இருப்பது ஆறாத புண், விரல் கருத்துப்போவது, காலை எடுக்க வேண்டிய நிலை.

நவம்பர் 12-ம் தேதி எடின்பரோவிலிருந்து பேராசிரியர் ஜேம்ஸ் லியர்மான்த் வந்து பார்த்தார். தமனிகள் தடித்துக் குறுகிவிட்டன, வலது காலை எடுக்க வேண்டி வரலாம் என்பது அப்போதைய பயம். மூத்த மகள் எலிசபெத் அந்த நேரம் நிறைமாதக் கர்ப்பிணி. மகளுக்கு எதுவும் தெரியக் கூடாது என்றார் ராஜா. இரண்டு நாள் கழித்து, 14-ம் தேதி, பேரன் பிறந்தான். அந்தப் பேரன்தான் இன்றைய மன்னர் சார்லஸ். 23-ம் தேதி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணம் தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்த பிறகுதான் வெளியுலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

ஒரு குட்டி விஷயம். அரண்மனை டாக்டர்களில் ஒருவரான ஜான் வேர் ஹோமியோபதி பார்ப்பவர். ராஜாவுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை. தன் பந்தயக் குதிரை ஒன்றுக்கு ஹைபெரிக்கம் என்று ஹோமியோ மருந்தின் பெயரையே வைத்தார். ஹோமியோபதியில் அது நரம்புக் காயத்துக்குக் கொடுக்கும் மருந்து. குதிரை 1946-ல் பெரிய பந்தயம் ஒன்றை ஜெயித்தது. ராஜாவின் நரம்பு விஷயத்தில் மருந்து வேலைக்கு ஆகவில்லை.

நரம்பை ஏன் வெட்ட வேண்டும்?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பரிவு நரம்பு மண்டலம் என்று படித்திருப்போம். டாக்டர்கள் சிம்பதெடிக் என்பார்கள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும், கழுத்திலிருந்து இடுப்புவரை, முடிச்சு முடிச்சாக ஒரு சங்கிலி மாதிரி இறங்கும். நம் விருப்பத்தைக் கேட்காமலேயே வேலை செய்யும். இன்டர்வியூ அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கை ஜில்லிட்டு வியர்க்கிறதே, அது இதனுடைய வேலை. ஜில்லிடுவது, தோலில் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை அது இறுக்கிப் பிடிப்பதால். ஈரமாவது, வியர்வைச் சுரப்பிகளை அதுவே முடுக்கிவிடுவதால்.

அப்படியானால் அந்த நரம்பை வெட்டிவிட்டால்? பிடி தளரும், குழாய் விரியும், ரத்தம் பாயும், பாதம் சூடாகும். பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் 1850-களின் தொடக்கத்திலேயே முயலின் கழுத்தில் இந்த நரம்பை வெட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்துக் காது சூடாகிச் சிவந்தது.

மனிதர்களின் காலுக்கு இது வந்த விதம் கொஞ்சம் விசித்திரம். 1924-ல் சிட்னியில் நார்மன் ராயில் என்ற சர்ஜனும் ஜான் ஹன்டர் என்ற இளம் உடற்கூறியல் பேராசிரியரும் இந்த ஆபரேஷனை வேறு ஒரு விஷயத்துக்காகச் செய்தார்கள். விறைத்துப்போன கை, கால் தசைகள் தளரும் என்பது அவர்கள் கணக்கு. ஹன்டர் அந்த வருஷக் கடைசியில் லண்டனில் டைபாய்டு வந்து 26 வயதில் இறந்துபோனார். அவர்களுடைய கணக்கும் பின்னால் தப்பாகிப்போனது. ஆனால் ஒன்று மிஞ்சியது. ஆபரேஷன் செய்த பக்கத்துப் பாதம் கதகதப்பாக இருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த சர்ஜன்கள் இதைப் பிடித்துக்கொண்டு, ரத்த ஓட்டம் குறைந்த கால்களுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே போய் வேலை கற்றுக்கொண்டவர்களில் ஒருவர்தான் லியர்மான்த். ஸ்காட்லாந்துக்காரர். ராஜா பிறந்த அதே 1895-ல் பிறந்தவர்.

மார்ச் 12

உடனே கத்தி எடுக்கவில்லை. நவம்பரிலிருந்து முழு ஓய்வு, சிகிச்சை. நிலைமை தேறியது. காலை எடுக்க வேண்டிய பயம் விலகியது. பிப்ரவரியில் சில அரசு வேலைகளைக்கூடப் பார்த்தார். ஆனால் மார்ச் தொடக்கத்தில் மறுபடி பரிசோதித்த டாக்டர்கள் ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். ராஜாவுக்குக் கோபம். இத்தனை மாதம் படுத்துக் கிடந்ததெல்லாம் வீணா என்று. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் மறுத்தால், முழு ஓய்விலேயே மிச்ச வாழ்க்கையைக் கழிக்க வேண்டும்.

லியர்மான்த் ஆபரேஷன் செய்தார், லண்டன் சர்ஜன் ஜேம்ஸ் பேட்டர்சன் ராஸ் உடன் இருந்தார். இடுப்புப் பகுதி பரிவு நரம்புச் சங்கிலியில் வலது பக்கத்தில் வெட்டு. இந்த வகை ஆபரேஷனில் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் திறந்து, குடலை மூடியிருக்கும் சவ்வைக் கிழிக்காமல் ஒதுக்கி, முதுகெலும்பின் ஓரத்துக்குப் போவார்கள். பக்கத்திலேயே உடம்பின் மிகப் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, சிறுநீர்க் குழாயும் இருக்கிறது. கை நிதானம் வேண்டிய இடம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பிறகு ஒருநாள் பரிசோதனைக்கு வந்த லியர்மான்த்தை, செருப்பையும் ஒரு முக்காலியையும் எடுத்துவரச் சொன்னாராம் ராஜா. கொண்டுவந்ததும், மறைத்து வைத்திருந்த வாளை எடுத்தார். நீ என் மேல் கத்தி வைத்தாய், இப்போது என் முறை என்கிற மாதிரி கிண்டல் பண்ணி, அந்த இடத்திலேயே அவருக்கு நைட் பட்டம் கொடுத்தார்.

ராஜா தேறிக்கொண்டிருந்த அதே ஏப்ரலில்தான், குடியரசாகப் போகும் இந்தியா காமன்வெல்த்தில் தொடரலாம் என்ற லண்டன் பிரகடனம் வெளியானது. நேரு அதற்காக லண்டன் வந்திருந்தார். ஜூன் மாத ராணுவ அணிவகுப்புக்கு ராஜா வந்தார், ஆனால் வழக்கம்போல் குதிரை மேல் இல்லை. திறந்த வண்டியில் உட்கார்ந்து பார்த்தார்.

வெட்டிய பிறகு உள்ளே என்ன நடக்கும்?

ராஜாவின் மருத்துவக் குறிப்புகளை நாம் புரட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இந்த ஆபரேஷன் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடந்திருக்கிறது. அதனால் பின்விளைவுகள் நன்றாகவே தெரியும்.

முதல் சில நாட்கள் பாதம் சூடாக, சிவப்பாக இருக்கும். நோயாளிக்குச் சந்தோஷம், சர்ஜனுக்கும் சந்தோஷம். அந்தப் பக்கம் வியர்வையும் நின்றுபோகும். நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் ஈரப்பசை இல்லாத தோல் வறண்டு வெடிக்கும். ரத்த ஓட்டம் குறைந்த காலில் ஒரு சின்ன வெடிப்புகூட ஆறாத புண்ணாகிவிடும். அதனால் தினமும் எண்ணெயோ கிரீமோ தடவி, காலைக் கண்ணாடி மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து நாள், இரண்டு வாரம் கழித்து சிலருக்கு ஒரு புது வலி வரும். காலில் இல்லை, தொடையில். முன்பக்கமும் வெளிப்பக்கமும் குடைகிற மாதிரி இருக்கும். ராத்திரியில் அதிகம். வேட்டி உரசினால்கூட எரியும். வெட்டியது இடுப்புக்கு உள்ளே, வலிப்பது தொடையில். ஆபரேஷன் தோற்றுப்போச்சு என்று நோயாளி முடிவே கட்டிவிடுவார். பெரும்பாலும் சில வாரங்களில், கூடிப்போனால் இரண்டு மூன்று மாதத்தில் தானாக அடங்கிவிடும். முன்கூட்டியே இதைச் சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். சொல்லாமல் விட்டால்தான் வம்பு.

ஆண்களுக்கு இன்னொன்று. இரண்டு பக்கமும், அதுவும் இடுப்புச் சங்கிலியின் மேல் முடிச்சையும் சேர்த்து எடுத்துவிட்டால், விந்து வெளியேறுவது நின்றுபோகலாம். விறைப்புத் தன்மை அப்படியே இருக்கும், ஆனால் விந்து வராது. குழந்தை வேண்டும் என்றிருக்கும் இளைஞருக்கு இது சின்ன விஷயமா? மேயோவில் இருந்த காலத்தில் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளை ஆராய்ந்த லியர்மான்த்துக்கு இந்த ஆபத்து நன்றாகவே தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது நரம்பு மண்டலம் காட்டும் பிடிவாதம்தான். முதல் வாரத்து அந்தச் சூடு அப்படியே நிற்காது. ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் இறங்க ஆரம்பிக்கும். ரத்தக்குழாயின் சுவரில் இருக்கும் தசை, நரம்பின் கட்டளை இல்லாமலேயே தானாக ஓரளவு இறுக்கத்தைத் திரும்பப் பெறும். அதோடு, கட்டளை வருவது நின்றுபோன திசு, ரத்தத்தில் சுற்றிவரும் அட்ரினலின் போன்ற பொருட்களுக்கு முன்பைவிட அதிகமாகச் சிலிர்த்துக்கொள்ளும். முதலாளி போன் பண்ணுவதை நிறுத்திவிட்டால், காற்றில் வரும் வதந்திக்கெல்லாம் பதறுகிற ஊழியர் மாதிரி. ஹார்வர்டின் வால்டர் கேனன் பல வருஷம் ஆராய்ந்தது இதைத்தான். அவர் பெயரில் இது பற்றிய புத்தகம், அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, ராஜாவுக்கு ஆபரேஷன் நடந்த அதே 1949-ல் வெளிவந்தது.

இது போதாதென்று மாற்றுப்பாதைகளும் உண்டு. சங்கிலியை விட்டு விலகி ஓடும் சில இழைகள் வெட்டுக்குத் தப்பிவிடும். எதிர்ப் பக்கத்திலிருந்து குறுக்கே வரும் இழைகளும் இருக்கின்றன. வெட்டுப்பட்ட முனைகள் மெல்ல வளரவும் பார்க்கும். அதனால்தான் சிலருக்குப் பல மாதம், சில வருஷம் கழித்துப் பாதம் மறுபடி ஜில்லிடும், வியர்வையும் எட்டிப்பார்க்கும்.

அடைப்பு அடைப்பாகவே இருந்தது

இந்த ஆபரேஷனின் பெரிய குறை ஆனால் பின்விளைவில் இல்லை, அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. தெரு மெயின் பைப்பில் துரு ஏறி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் எல்லாக் குழாய்களையும் முழுசாகத் திறந்துவிட்டால், வருகிற கொஞ்சம் தண்ணீர் தடையில்லாமல் வரும். அவ்வளவுதான். மெயின் பைப் அப்படியேதான் இருக்கும்.

சிம்பதெக்டமி திறந்துவிடுவது தோலுக்குப் போகும் சின்னக் குழாய்களை. அதனால் பாதத்து ராத்திரி வலியும் மேலோட்டமான புண்ணும் சிலருக்கு ஆறும். தசைக்குப் போகும் ரத்தம் பெரும்பாலும் தசையின் தேவையைப் பொறுத்தே கூடும் குறையும், அதில் இந்த நரம்புக்குப் பங்கு குறைவு. அதனால் நடந்தால் வரும் கெண்டைக்கால் வலி பெரிதாக மாறாது. தமனியை அடைத்த கொழுப்புப் படிவுக்கும் சிகரெட்டுக்கும் இந்த ஆபரேஷன் எதுவுமே செய்யாது.

அடைப்பைத் தாண்டி ரத்தத்தைக் கொண்டுபோகும் வழி அப்போது இல்லாமலும் இல்லை. பாரிஸில் ழான் குன்லின் என்ற சர்ஜன், நோயாளியின் சொந்த நரம்பையே, அதாவது நாம் பேச்சுவழக்கில் நரம்பு என்று சொல்லும் சிரையை எடுத்து, தொடைத் தமனியின் அடைப்பைச் சுற்றிப் பைபாஸ் போட்டது 1948-ல். ராஜாவின் ஆபரேஷனுக்கு ஒரு வருஷம்கூட முன்னால் இல்லை. இவ்வளவு புதிய விஷயத்தை ஒரு நாட்டின் மன்னர் மேல் யாரும் முயற்சி பண்ணிப் பார்க்க மாட்டார்கள். 1964-ல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர், கத்தியே இல்லாமல் குழாய் விட்டு ஒரு மூதாட்டியின் கால் தமனியை விரிவாக்கினார். அதன்பிறகு பலூன் வந்தது, ஸ்டென்ட் வந்தது. காலுக்கான சிம்பதெக்டமி ஓரத்துக்குப் போனது. இன்றைக்கு பைபாஸுக்கோ பலூனுக்கோ வழியில்லாதவர்களுக்கு மட்டும் யோசிப்பார்கள், அதையும் பல இடங்களில் ஊசி வழியாக மருந்து செலுத்திச் செய்கிறார்கள். நம் ஊரில் பீடி, சிகரெட் பிடிக்கும் இளம் ஆண்களைத் தாக்கும் பர்ஜர் நோய்க்கு இன்னமும் இது செய்யப்படுகிறது. புகையை விடாவிட்டால் அவர்களுக்கு எந்த ஆபரேஷனும் நிற்காது.

அதே சங்கிலி இப்போது வேறு காரணத்துக்காக அதிகம் வெட்டப்படுகிறது. உள்ளங்கை வியர்வை. மார்புக்குள் கேமரா விட்டு, மேல் பகுதிச் சங்கிலியை வெட்டுவது அல்லது கிளிப் போடுவது. கை அன்றைக்கே காய்ந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பலருக்கு வியர்வை இடம் மாறும். முதுகு, வயிறு, தொடை என்று சட்டை நனைகிற அளவுக்கு. ஈடுசெய் வியர்வை என்பார்கள். சிலருக்கு லேசாக, சிலருக்கு முன்பு இருந்ததே பரவாயில்லை என்கிற அளவுக்கு. கிளிப்பை எடுத்தால் சரியாகும் என்று உத்தரவாதம் கிடையாது. அரிதாக ஒரு பக்கக் கண் இமை தொங்கிப்போகலாம், சாப்பிடும்போது முகம் வியர்க்கலாம், இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகலாம். மே மாதச் சென்னையில் முதுகு வழியாக ஆறு ஓடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அதற்கு முன்னால் அலுமினியம் குளோரைடு லோஷன், தண்ணீரில் லேசான மின்சாரம் விடும் அயன்டோபோரெசிஸ், மாத்திரை, போடாக்ஸ் ஊசி என்று வரிசையாக முயற்சி பண்ணலாம். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். வெட்டிய நரம்பில் அந்த வசதி இல்லை.

மறுபடியும் ஒரு நரம்பு

1950 ஓரளவு நன்றாகப் போனது. அந்த வருஷம் செப்டம்பரில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைக்கும் ஆய்வை வெளியிட்டார்கள். பக்கிங்ஹாம் அரண்மனையில் சிகரெட் நிற்கவில்லை.

1951 மே மாதத்தில் ராஜாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்கே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஜூன் மாத அணிவகுப்பில் அவருக்குப் பதிலாக எலிசபெத் குதிரை ஏறினார். காய்ச்சல், இருமல், இடது நுரையீரலில் நிழல். செப்டம்பர் 23-ம் தேதி, மறுபடியும் அரண்மனையிலேயே ஆபரேஷன். சர்ஜன் கிளமென்ட் பிரைஸ் தாமஸ் இடது நுரையீரலை முழுவதுமாக எடுத்தார். இவரும் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர்தான். பின்னாளில் அவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்து, அவருடைய பழைய மாணவர்களே ஆபரேஷன் செய்தார்கள்.

ராஜாவுக்கு வந்தது புற்றுநோய். அந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொல்லவில்லை, மக்களிடமும் சொல்லவில்லை. நுரையீரலின் அமைப்பில் மாற்றங்கள் என்று அறிக்கை பூசி மெழுகியது. அன்றைக்குப் பல நாடுகளில் அதுதான் வழக்கம். இருந்தாலும், மகளிடமிருந்து தன் காலின் நிலையை மறைக்கச் சொன்ன மனிதரிடம், மூன்று வருஷத்துக்குள் அவருடைய நுரையீரலின் நிலையை மற்றவர்கள் மறைத்தார்கள் என்பதைப் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

இங்கேயும் ஒரு நரம்பு குறுக்கே வந்தது. குரல்நாணுக்குப் போகும் நரம்பு ஒன்று, இடது பக்கம் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். இடது நுரையீரலை எடுக்கும்போது அது மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது போனால் குரல் போகும். அதுவும், பேச்சுக்காகப் பத்துப் பதினைந்து வருஷம் போராடிய மனிதரின் குரல். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் கரகரத்துத் தேய்ந்துபோனது. வருஷாவருஷம் நேரலையாகப் பேசும் கிறிஸ்துமஸ் உரையை, 1951-ல் முதல்முறையாக முன்கூட்டியே துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டினார்கள்.

1952 ஜனவரி 31-ம் தேதி லண்டன் விமான நிலையத்தில், வெளிநாட்டுப் பயணம் கிளம்பிய மகளையும் மருமகனையும் வழியனுப்ப வந்தார். ஒடுங்கிய கன்னம், தலையில் தொப்பி இல்லை, குளிர்காற்று.

பிப்ரவரி 5-ம் தேதி சாண்ட்ரிங்ஹாமில் வெயில் நன்றாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விடுமோ என்று பயந்த காலோடு, அன்று பகல் முழுக்க வயல்வெளியில் நின்று முயல் வேட்டையாடினார். ராத்திரி படுக்கப் போனார். காலையில் எழுப்பப் போன பணியாளர் பார்த்தபோது உயிர் இல்லை. இதயத் தமனியில் ரத்தக்கட்டு. வயது 56. கென்யாவில் இருந்த எலிசபெத், அரியணை தன்னிடம் வந்துவிட்டதை அறியாமல் அந்தக் காலைப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்.